ஆபரேஷன் முடிந்த பிள்ளையை வீட்டுச் சிறையில் வைக்காதீர்கள்!

நூறு குழந்தைகள் பிறந்தால், ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு இருதயத்தில் ஏதோ ஒரு குறை இருக்கிறது.

சில குழந்தைகளுக்கு இருதயத்தின் நடுச் சுவரில் துளை இருக்கும். சில குழந்தைகளுக்கு ரத்தக் குழாய் குறுகி இருக்கும். இன்னும் சில குழந்தைகளுக்குக் குழாய்கள் இடம் மாறி இருக்கும்.

இவற்றுக்கு இன்று மருந்து உண்டு. ஆபரேஷன் உண்டு. தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, நெஞ்சைத் திறக்காமலேயே துளையை அடைக்கும் முறையும் உண்டு.

இருதயத்தைப் பார்க்க இத்தனை வழிகள் இருக்கின்றன. ஆனால், அந்தக் குழந்தையின் மனதை யார் பார்க்கிறார்கள்?

"பிள்ளை பிழைத்ததே பெரிது" என்று வீட்டில் எல்லோரும் பெருமூச்சு விடுகிறார்கள். அதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள்.

அது முடிவு அல்ல. பிழைத்த பிள்ளை சிரிக்கிறதா, விளையாடுகிறதா, இரவில் பயமில்லாமல் தூங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் வைத்தியத்தில் ஒரு பகுதிதான்.

நீலக் குழந்தைகள்

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடம் இல்லாமல் இருந்தது. ஏனென்றால், கடுமையான இருதயக் குறையோடு பிறந்த குழந்தைகள் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

அவர்களில் சிலரை "நீலக் குழந்தைகள்" என்று அழைத்தார்கள். ரத்தத்தில் பிராணவாயு போதாததால், உதடும் நகமும் நீலமாக இருக்கும். அந்தக் குழந்தை நாலு அடி ஓடும். உடனே மூச்சு வாங்கும். தரையில் குந்தி உட்கார்ந்து கொள்ளும். குந்தினால் நுரையீரலுக்குக் கொஞ்சம் அதிக ரத்தம் போகும். யாரும் சொல்லிக் கொடுக்காமலே குழந்தை கண்டுபிடித்துக் கொண்ட வைத்தியம் அது!

1944-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி, அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஒரு நீலக் குழந்தைக்கு ஆபரேஷன் நடந்தது. குழந்தைக்கு வயது 15 மாதம்.

யோசனை சொன்னவர் ஹெலன் டாசிக் என்ற பெண் டாக்டர். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. குழந்தைகளின் நெஞ்சில் விரலை வைத்தே இருதயத் துடிப்பை அறிந்தவர். கத்தியைப் பிடித்தவர் ஆல்பிரெட் பிளாலக். அந்த ஆபரேஷனை முன்கூட்டியே நாய்களுக்குச் செய்து பார்த்து வழி காட்டியவர் விவியன் தாமஸ். கறுப்பினத்தைச் சேர்ந்த அவர், டாக்டருக்குப் படிக்காதவர். தச்சு வேலை செய்தவர்.

கைக்குப் போகும் ரத்தக் குழாயை, நுரையீரலுக்குப் போகும் குழாயோடு இணைத்தார்கள். குழந்தையின் நீல நிறம் குறைந்தது. அந்தக் குழந்தை சில மாதங்களில் இறந்துவிட்டது. ஆனால், வழி திறந்துவிட்டது.

1953-ல் இருதயத்தையும் நுரையீரலையும் சற்று நேரம் ஓய்வில் வைத்து, அவற்றின் வேலையை இயந்திரம் செய்ய, ஜான் கிப்பன் என்ற டாக்டர் 18 வயதுப் பெண்ணின் இருதயத் துளையை வெற்றியாக அடைத்தார்.

இன்று, வைத்திய வசதி நிறைந்த நாடுகளில், இருதயக் குறையோடு பிறக்கும் 100 குழந்தைகளில் 90-க்கும் மேற்பட்டவர்கள் வளர்ந்து பெரியவர்கள் ஆகிறார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள். வேலைக்குப் போகிறார்கள். கல்யாணம் செய்து கொள்கிறார்கள்.

பிழைத்த பிறகு?

இங்கேதான் புதிய தொல்லை தலைகாட்டுகிறது.

அமெரிக்காவில் 4 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. 2021-ல் அதன் முடிவு வெளியாயிற்று.

பிறவி இருதய நோய் உள்ள பிள்ளைகளில் 100-க்கு 18 பேருக்கு, ஓயாத பயமோ மனச்சோர்வோ இருப்பது தெரிந்தது. நோய் இல்லாத பிள்ளைகளில் இது 100-க்கு 5 பேர்தான்.

சிறிய குறை உள்ள பிள்ளைகளையும் இந்த மன வருத்தம் விடவில்லை.

2022-ல் அமெரிக்க இருதயச் சங்கம் இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. இருதய வைத்தியத்தோடு மனநல வைத்தியமும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

இந்த மன வருத்தம் எங்கிருந்து வருகிறது?

முதலாவது, ஆஸ்பத்திரி. ஊசி, குழாய், முகமூடி அணிந்த ஆட்கள், இரவும் பகலும் "பீப் பீப்" என்று கத்தும் இயந்திரங்கள். அம்மா கதவுக்கு வெளியே நிற்கிறாள். இரண்டு வயதுக் குழந்தைக்கு இது வைத்தியம் என்று தெரியாது. தண்டனை என்றே நினைக்கும். வீட்டுக்கு வந்த பிறகும், வெள்ளைக் கோட்டைக் கண்டால் அலறும். தூக்கத்தில் திடுக்கிட்டு எழும்.

இரண்டாவது, மூளை. கடுமையான குறை இருந்தால், கருவில் இருக்கும்போதே மூளைக்குப் பிராணவாயு குறைவாகப் போகக்கூடும். அதனால் பின்னாளில் சில பிள்ளைகளுக்குக் கவனம் நிலைக்காது. பேச்சு தாமதமாகும். கணக்கு ஏறாது. அதைச் சோம்பல் என்று நினைத்து அடிப்பவர்கள் உண்டு. அது சோம்பல் அல்ல. நோயின் இன்னொரு முகம்.

மூன்றாவது காரணம், வீடு. இதைச் சொன்னால் பலருக்கு மனம் நோகும். ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பொத்திப் பொத்தி வளர்த்தால்...

எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். மூன்று வயதில் ஆபரேஷன் நடந்தது. துளை அடைபட்டுவிட்டது. "இனி மற்றப் பிள்ளைகளைப் போலவே வளர்க்கலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆனால், வீட்டில் அவனை ஓட விடுவதில்லை. தெருவில் பிள்ளைகள் கபடி ஆடினால், அவன் திண்ணையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மாடிப்படி ஏறினால் பாட்டி பதறுகிறாள். "ஓடாதேடா, உனக்கு ஆகாது" என்கிறாள்.

தங்கச்சியை அவன் அடித்தாலும், அடி வாங்குவது தங்கச்சிதான். "அவனுக்கு உடம்பு சரியில்லை, நீதான் விட்டுக் கொடுக்கணும்" என்று அம்மா சொல்கிறாள். அவன் கேட்டதெல்லாம் கிடைக்கிறது. அழுதால் வீடே நடுங்குகிறது.

இப்படி வளரும் பிள்ளை என்ன பாடம் படிக்கும்?

"நான் எந்த நேரமும் செத்துவிடுவேன் போலிருக்கிறது. அதனால்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள்" என்று அது நினைக்கும். வாய் திறந்து கேட்காது. உள்ளுக்குள்ளேயே குமையும்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் 1991-ல் இதை ஆராய்ந்து எழுதினார்கள். பிள்ளை மனத்தளவில் நன்றாக இருக்கிறதா, இல்லையா என்பதை நோயின் கடுமை மட்டும் தீர்மானிக்கவில்லை. தாய் அந்த நோயை எப்படிப் பார்க்கிறாள், எவ்வளவு கலங்குகிறாள் என்பதே அதைவிட அதிகமாகத் தீர்மானிக்கிறது என்று கண்டார்கள்.

தாயின் மீது பழி போடுவதற்காக இதைச் சொல்லவில்லை. தாய்க்குத் தைரியம் கிடைத்தால் பிள்ளைக்கும் தைரியம் கிடைக்கும் என்பதற்காகவே சொல்கிறோம்.

தாயின் குற்றமா?

இருதயக் குறையோடு பிள்ளை பிறந்தால், நம் ஊரில் முதல் அடி தாய்க்குத்தான் விழுகிறது.

"கிரகணத்தன்று வெளியே போனாயா?" என்று கேட்கிறார்கள். "என்னத்தைச் சாப்பிட்டாய்?" என்று கேட்கிறார்கள். "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இப்படி இல்லையே" என்று மாமியார் முணுமுணுக்கிறாள்.

உண்மை என்ன? கருவில் இருதயம் உருவாவது மூன்றாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில். "நாள் தள்ளிப் போயிருக்கிறது" என்று பல பெண்கள் அறிவதற்குள்ளேயே பாதி வேலை முடிந்துவிடும்! கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இன்னதுதான் காரணம் என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் வரும் ரூபெல்லா அம்மை, கட்டுப்படாத சர்க்கரை நோய், சில மருந்துகள், நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் ஆகியவை ஆபத்தை அதிகமாக்கக்கூடும். அவற்றைத் தடுக்க முன்கூட்டியே தடுப்பூசி, பரிசோதனை உண்டு. ஆனால், பிறந்துவிட்ட பிள்ளையின் தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதால் யாருக்கு லாபம்?

குற்ற உணர்ச்சியில் நோகும் தாய்தான் பிள்ளையை அதிகமாகப் பொத்தி வைக்கிறாள். அவளைக் குறை சொல்லும் வாய்கள் மூடினாலே பிள்ளையின் பாதிப் பயம் போய்விடும்.

இதில் தகப்பனுக்கும் பங்கு உண்டு. ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டுவதோடு தகப்பனின் கடமை தீர்ந்துவிடாது. டாக்டர் சொல்வதை அவரும் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும். இரவில் அவரும் விழித்திருக்க வேண்டும்.

விளையாடலாமா?

"விளையாட விட்டால் ஏதாவது ஆகிவிட்டால்?"

நியாயமான கேள்வி. இதற்குப் பதில் பக்கத்து வீட்டில் கிடைக்காது. டாக்டரிடம்தான் கிடைக்கும்.

இருதயக் குறை சரிசெய்யப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் ஓடலாம், ஆடலாம். ஓடியாடுவது அவர்களுக்கு நல்லது என்பதே இன்றைய வைத்தியத்தின் கருத்து. சும்மா உட்கார்ந்திருந்தால் உடம்பு பருக்கும். மனம் சோரும்.

சிலருக்கு மட்டும் கட்டுப்பாடு உண்டு. இருதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்கள், வால்வு மிகவும் குறுகியவர்கள், நுரையீரல் ரத்தக் குழாயில் அழுத்தம் அதிகம் உள்ளவர்கள் கவனமாக இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் பலமான அடி படக்கூடாது. ஆபரேஷன் முடிந்த முதல் சில வாரங்கள், நெஞ்செலும்பு கூடும் வரை, எல்லோரும் பத்திரமாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது ஒரு தாளைக் கொண்டு போங்கள். "என் பிள்ளை என்னென்ன செய்யலாம்? என்னென்ன செய்யக்கூடாது?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சைக்கிள் ஓட்டலாமா? நீச்சல் அடிக்கலாமா? கபடி ஆடலாமா? ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

அந்தத் தாளில் "செய்யலாம்" என்று எழுதியிருந்தால், பிறகு வீட்டில் யாரும் தடுக்கக் கூடாது. பாட்டியானாலும் சரி!

ஷான் ஒயிட் என்பவர் அமெரிக்கர். நீலக் குழந்தைகளிடம் காணப்படும் "பேலட்" என்ற இருதயக் குறையோடு 1986-ல் பிறந்தவர். ஒரு வயது ஆவதற்குள் அவருக்கு இரண்டு ஆபரேஷன்கள் நடந்தன. அவர்தான் பின்னாளில் பனிச்சறுக்கு வீரராகி, 2006, 2010, 2018 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் தங்கப் பதக்கம் வாங்கியவர்.

எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வாங்க வேண்டாம். தெருப் பிள்ளைகளோடு கண்ணாமூச்சி ஆடினால் போதும்.

உண்மையைச் சொல்லுங்கள்

பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று நோயை மறைக்கிற பெற்றோர் உண்டு. பிள்ளைகள் முட்டாள்கள் அல்ல. அம்மாவின் கண் கலங்குவதும், பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவதும் அவர்களுக்குத் தெரியும். தெரியாத உண்மையைவிட அவர்களே கற்பனை செய்துகொள்ளும் பயம் பெரிது.

வயதுக்குத் தக்கபடி சொல்லுங்கள்.

நாலு வயதுக் குழந்தையிடம், "உன் நெஞ்சுக்குள்ளே ஒரு சின்ன ஓட்டை இருந்தது. டாக்டர் மாமா அதைத் தைத்துவிட்டார்" என்றால் போதும். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பு, ஒரு பொம்மைக்கு ஊசி போட்டு விளையாடட்டும். பயம் குறையும். "வலிக்காது" என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். "கொஞ்சம் வலிக்கும், சீக்கிரம் சரியாகிவிடும், அம்மா பக்கத்திலேயே இருப்பேன்" என்று சொல்லுங்கள்.

பத்து வயதுப் பிள்ளைக்குப் படம் வரைந்து காட்டலாம். பதினைந்து வயதில் தன் நோயின் பெயரையும், சாப்பிடும் மாத்திரையின் பெயரையும் அந்தப் பிள்ளையே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். டாக்டரிடம் தானே பேசப் பழக வேண்டும்.

ஒரு காலத்தில் பல ஆஸ்பத்திரிகளில் பெற்றோரைக் குழந்தையின் பக்கத்தில் இருக்கவே விடமாட்டார்கள். பார்த்துவிட்டுப் போனால் குழந்தை அழும் என்பார்கள். அது தவறு என்று 1959-ல் பிரிட்டனில் ஒரு அரசாங்கக் குழு எடுத்துச் சொன்னது. தாய் பக்கத்தில் இருப்பதும் மருந்துதான் என்று உலகம் மெல்ல மெல்ல ஒப்புக்கொண்டது.

தழும்பும் கல்யாணமும்

நெஞ்சின் நடுவில் நீண்ட தழும்பு. பையனாக இருந்தால் "வீரத் தழும்பு" என்று சிரித்துவிடுகிறார்கள். பெண்ணாக இருந்தால்?

"யாரிடமும் சொல்லாதே. நாளைக்கு மாப்பிள்ளை வர மாட்டான்" என்று சிறு வயதிலேயே வாயைக் கட்டிவிடுகிறார்கள். கழுத்து வரை மூடிய உடை. தோழிகளிடமும் ரகசியம். தன் உடம்பே ஒரு குற்றம் என்று அந்தப் பெண் நினைக்கத் தொடங்குகிறாள்.

மறைத்துக் கல்யாணம் செய்தால் என்ன ஆகும்? கணவன் வீட்டில் தெரிந்துவிடுமே என்று அவள் பரிசோதனைக்குப் போவதை நிறுத்துகிறாள். மாத்திரையை ஒளித்து வைக்கிறாள். கர்ப்பமாகும்போதும் சொல்வதில்லை. அது உயிருக்கே ஆபத்து.

குறை சரிசெய்யப்பட்ட பல பெண்கள் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள். சிலருக்குத்தான் ஆபத்து அதிகம். யார் எந்த ரகம் என்பதைக் கர்ப்பத்துக்கு முன்பே இருதய டாக்டர் சொல்வார். சொன்னபடி நடந்தால் அச்சம் குறையும்.

மறைத்துச் செய்யும் கல்யாணத்தைவிட, சொல்லிச் செய்யும் கல்யாணம் நூறு மடங்கு மேல். தழும்பைக் கண்டு ஓடுகிற மாப்பிள்ளை, கல்யாணத்துக்கு முன்பே ஓடட்டும்!

பள்ளிக்கூடத்தில்

வகுப்பு ஆசிரியருக்கும் டிரில் மாஸ்டருக்கும் விஷயம் தெரிய வேண்டும். டாக்டர் எழுதிக் கொடுத்த தாளின் நகல் அவர்களிடம் இருக்கட்டும்.

மற்றப் பிள்ளைகள் விளையாடும்போது, இந்தப் பிள்ளையை மட்டும் வகுப்பில் உட்கார வைத்துப் பைகளைக் காவல் காக்கச் சொல்லாதீர்கள். கடுமையான விளையாட்டு கூடாது என்றால், விசில் ஊதட்டும், புள்ளி எழுதட்டும், மெதுவாகப் பந்து போடட்டும். கூட்டத்தில் ஒருவனாக இருப்பதுதான் முக்கியம்.

ஆபரேஷனுக்காகப் பல வாரம் வராத பிள்ளைக்கு விட்டுப் போன பாடத்தைச் சொல்லிக் கொடுங்கள். இல்லையென்றால், நோய் போன பிறகும் "மக்கு" என்ற பட்டம் போகாது.

எதைக் கவனிக்க வேண்டும்?

பிள்ளை பல வாரங்களாகக் கலகலப்பு இல்லாமல் இருக்கிறதா? தூக்கமோ சாப்பாடோ குறைந்துவிட்டதா? பள்ளிக்கூடம் போக அழுகிறதா? நண்பர்களை ஒதுக்குகிறதா? காரணமில்லாமல் எரிந்து விழுகிறதா? மாத்திரை வேண்டாம் என்று அடம் பிடிக்கிறதா? "நான் செத்துவிடுவேனா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறதா?

இவற்றில் சில சேர்ந்து இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்கல், மயக்கம் இருந்தால் முதலில் இருதய டாக்டர் பார்க்கட்டும். பயத்தாலும் படபடப்பு வரும், நோயாலும் வரும். வீட்டில் இருந்தபடி பிரித்துச் சொல்ல முடியாது.

"சாக வேண்டும்" என்று பிள்ளை சொன்னால், விளையாட்டுப் பேச்சு என்று விடாதீர்கள். தனியாக விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

மனநல டாக்டரிடம் போவது பைத்தியம் என்பதற்கு அடையாளம் அல்ல. பல்வலிக்குப் பல் டாக்டர், மனவலிக்கு மன டாக்டர். 2022-ல் மத்திய அரசாங்கம் தொடங்கிய "டெலி மானஸ்" டெலிபோன் சேவையின் எண் 14416. இரவிலும் பகலிலும் பேசலாம். தமிழிலும் பேசலாம். கட்டணம் கிடையாது.

அரசாங்கம் செய்ய வேண்டியது

2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் டாக்டர் குழு வந்து பிள்ளைகளைச் சோதிக்கிறது. பிறவி இருதய நோயும் அந்தச் சோதனையில் சேர்ந்ததே. 2017-ல் கேரள அரசாங்கம் இந்தக் குழந்தைகளுக்கென்றே "ஹிருதயம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியங்கள்.

ஆனால், ஆபரேஷனுக்குப் பணம் கொடுப்பதோடு திட்டம் நின்றுவிடக் கூடாது. இருதயப் பரிசோதனைக்குப் பிள்ளை வரும் அன்றே, அதே இடத்தில், மனநலம் அறிந்த ஒருவரும் பிள்ளையிடம் பத்து நிமிடம் பேச வேண்டும். தாயிடமும் பேச வேண்டும். தொலைதூரக் கிராமத்தில் இருந்து பஸ் பிடித்து, கூலியை இழந்து வரும் குடும்பத்தை, "இன்னொரு நாள் இன்னொரு கட்டடத்துக்கு வா" என்றால் வர மாட்டார்கள்.

இது முடியாத காரியம் அல்ல. வட அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரில் செய்து பார்த்திருக்கிறார்கள். பிள்ளை பள்ளியில் சேரும் வயதில், பெற்றோரை அழைத்துத் தைரியம் சொன்னார்கள். பிரச்சினைகளைச் சமாளிக்கும் வழிகளைக் கற்றுக் கொடுத்தார்கள். பலன் என்ன தெரியுமா? தாய்மார்களின் மனக்கலக்கம் குறைந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் நாட்களும் குறைந்தன!

இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். பொறுமையாகப் பேசத் தெரிந்த ஆட்கள் போதும்.

பெற்றோரின் பங்கு இன்னும் எளிது. மாத்திரையை நேரத்துக்குக் கொடுங்கள். பரிசோதனையைத் தவற விடாதீர்கள். பல்லைச் சுத்தமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். பல் அழுக்கில் உள்ள கிருமி ரத்தத்தில் கலந்து இருதயத்தைத் தாக்கக்கூடும். தப்பு செய்தால் மற்றப் பிள்ளைகளைப் போலவே கண்டியுங்கள். சின்னச் சின்ன வீட்டு வேலைகளையும் கொடுங்கள்.

டாக்டர் "ஓடலாம்" என்று சொல்லிவிட்டாரா? கதவைத் திறந்து வெளியே விடுங்கள். பிள்ளை ஓடட்டும்!